குழந்தைகள் படத்தில் மறைத்த ஒன்றரை நிமிடம்

1. பொம்மைப் படம்தானே

மேனேஜர் நாற்காலியில் நான் உட்கார்ந்த முதல் நாளே வாசலில் தகராறு. அதற்கு முன் பத்தொன்பது வருடம் அதே தியேட்டரில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவள் நான். பழைய மேனேஜருக்கு முட்டி வலி வந்து படி ஏற முடியாமல் போனபோது, ஓனர் வர்கீஸ் சார் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து, "ஸ்டெல்லா, இனி நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேலைக்கான பயிற்சி அவ்வளவுதான்.

குமுளியில் எங்களுடையது சின்னத் தியேட்டர். ஒரே ஸ்கிரீன், இருநூற்று நாற்பது சீட்டு. தமிழ்ப் படமும் மலையாளப் படமும் மாறி மாறி ஓடும். மலையில் இருக்கும் எஸ்டேட் ஆட்களும் வருவார்கள், கீழே கம்பத்திலிருந்து ஜீப் பிடித்தும் வருவார்கள். நான் பக்கத்து ஆனைக்கரைக்காரி. அப்பா அம்மா இருவரும் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அதனால் வருகிற முகங்களில் பாதி எனக்குத் தெரிந்தவை.

அன்று ஓடிய படம் வெளிநாட்டு அனிமேஷன் படம். சர்டிபிகேட் 'ஏ'. அதாவது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை உள்ளே விடக் கூடாது. போஸ்டரில் கலர் கலராகப் பொம்மைகள். கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது இருக்கும். விட முடியாது என்றேன்.

"ஏம்மா, பொம்மப் படந்தானே? இதுக்குப் போயி வயசு கேக்குறீங்க?"

"பொம்மதாண்ணே. ஆனா பெரியவங்களுக்கு எடுத்த பொம்ம."

அவர் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு ஓனருக்குப் போன் போட்டார். ஓனர் என்னை அழைத்து, எதற்கு வம்பு, விட்டுவிடு என்றார். நான் போனை வைத்துவிட்டு வியாபாரியிடம் திரும்பினேன். படம் ஆரம்பித்ததும் நீங்கள் மட்டும் உள்ளே போய்ப் பத்து நிமிடம் பாருங்கள், அதுவரை வீட்டில் உள்ளவர்கள் என் ஆபீசில் இருக்கட்டும், பார்த்த பிறகும் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம் என்று தோன்றினால் அப்போது பேசலாம் என்றேன்.

ஏழாவது நிமிடம் வெளியே வந்தார். முகம் ஒருமாதிரி இருந்தது. மனைவியிடம், "வா, ஏரியில போட்டிங் போவோம்" என்றார். ஜீப் வரை போனவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "இதையெல்லாம் வரஞ்சவனுக்குப் புள்ளகுட்டி இல்லையாம்மா?"

பிறகு பல வருடம் அவர் வந்தார். எந்தப் படமானாலும் முதலில் போன் செய்து, பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவே நான் ஒரு நோட்டுப் போட வேண்டியதாயிற்று.

2. நிமிடக் குறிப்பு

ரீல் பெட்டி வந்த காலம் போய், இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. பூட்டிய பைல். அதைத் திறக்கும் 'கீ' தனியாக மெயிலில் வரும். எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை அந்தப் பூட்டு திறக்கும் என்று அதிலேயே இருக்கும். ஒரு நிமிடம் கூடினாலும் ஓடாது. படம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ரிலீசுக்கு முந்தின நாள் ஆபரேட்டர் சுகுமாரன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். அவர் ரீல் காலத்து ஆள். மலையாளி, ஆனால் எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பாதி வந்துவிட்டது. குழந்தைகள் படம் என்றால் நானும் நோட்டோடு போய் உட்கார்ந்துவிடுவேன்.

நோட்டில் ஐந்து கட்டம். பயம், அடிதடி, கெட்ட பேச்சு, குடி, சாவு. எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று எழுதுவேன். சென்சார்காரர்கள் எப்படியும் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். இப்போது 'யு.ஏ.'யிலேயே ஏழு வயதுக்கு மேல், பதிமூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல் என்று பிரித்து வருவது நல்ல வசதி. ஆனாலும் ஒரு தாய் கவுண்டரில் நின்று, "என் மகன் நாய்னா பயப்படுவான், படத்துல நாய் இருக்கா?" என்று கேட்டால் சர்டிபிகேட்டில் பதில் இருக்காது. நோட்டில் இருக்கும்.

பார்க்கப் பார்க்க, இந்தப் படம் எடுக்கிறவர்களின் சாமர்த்தியம் எனக்குப் பிடிபட்டது. ஒருவன் மலையிலிருந்து விழுகிறான் என்றால் விழுவதைக் காட்டுவார்கள், தரையைக் காட்ட மாட்டார்கள். கீழே மேகம் இருக்கும். சண்டை வந்தால் சுவரில் நிழல் மட்டும் ஆடும். அப்பாக்களுக்கு ஒரு ஜோக் வைத்திருப்பார்கள். அது பிள்ளைகளின் தலைக்கு மேலே போய்விடும், பிள்ளைகள் பக்கத்தில் ஒருவர் வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தமிழில் டப் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம் வடிகட்டுவார்கள். ஒரு படத்தில் கரடித் தாத்தா ஏதோ குடித்துவிட்டுத் தள்ளாடுவார். தமிழில் அவர், "நெல்லிக்கா ஜூஸ் ரொம்பப் புளிப்பு" என்று சொல்வார். இன்னொரு படத்தில் கிழ ஆந்தை சுருட்டுப் பிடிக்கும். மூலையில் புகைபிடித்தல் உயிரைக் கொல்லும் என்று எழுத்து ஓடும். ஒரு பையன் சத்தமாகக் கேட்டான், "இது ஆந்தைக்கா, நமக்கா?" என்று. தியேட்டரே சிரித்தது.

இந்த நோட்டு இருக்கிறது என்று தெரிந்ததும் பள்ளிக்கூடங்களும் கேட்க ஆரம்பித்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. பயம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைத் துல்லியமாக எழுதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எங்கே தீர்கிறது என்பதற்கு என் நோட்டில் கட்டமே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

3. யானைப் படம்

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது. மலைக்குள் தள்ளி இருக்கும் ஒரு எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஜெபராணி டீச்சர் போன் செய்தார். அறுபது பிள்ளைகள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தனி ஷோ வேண்டும் என்றார். ஓடிக்கொண்டிருந்தது ஒரு யானைக்குட்டிப் படம். 'யு' சர்டிபிகேட். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கூட்டத்தைப் பிரிந்த குட்டி ஒன்று, மலைக்கிராமத்துத் தபால்காரரோடு சிநேகமாகி, கடைசியில் தாயிடம் போய்ச் சேருகிற கதை.

ஐம்பத்து இரண்டாவது நிமிடத்தில் ஒரு காட்சி. பனிமூட்டம். தபால்காரர் சைக்கிளில் வருகிறார். குட்டியைத் தேடி வரும் பெரிய கொம்பன் யானை எதிரே வருகிறது. அது பிளிறும், அவர் கத்துவார், பனியில் ஒரு நிழல் மட்டும் பெரிதாகும். பிறகு திரை முழுக்க வெள்ளை. சைக்கிள் சக்கரம் ஒன்று மட்டும் பனிக்குள்ளிருந்து தனியாக உருண்டு வந்து விழும். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பனி விலகினால் தபால்காரர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்திருப்பார். கொம்பன் அவருடைய தபால் பையைத் தும்பிக்கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்.

மற்ற ஷோக்களில் சக்கரம் உருண்டு வரும்போது பிள்ளைகள் சிரித்தார்கள். வேறு ஊரில் இதை யாரும் பயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்த எஸ்டேட் பிள்ளைகள் யானைக்குப் பயந்து கூட்டமாகப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். நான் டீச்சரிடம் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் ஜெனிபர் என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுடைய அப்பா போன வருடம் ஏலத்துக்கு மருந்தடிக்கக் காலையில் போனவர் பனிமூட்டத்தில் யானையிடம் மாட்டிக்கொண்டார் என்றார் டீச்சர். அவர் பிழைக்கவில்லை.

அப்படியானால் வேறு படம் வரும்போது வாருங்கள் என்றேன். பிள்ளைகளிடம் ஏற்கனவே சொல்லியாயிற்று, பஸ்ஸும் ஏற்பாடாகிவிட்டது, ஜெனிபரை மட்டும் விட்டுவிட்டு வருவது இன்னும் மோசம் என்றார் டீச்சர்.

"அந்த இடத்த மட்டும் வெட்டிர முடியாதாக்கா?"

முடியாது. சென்சார் ஆன படத்தில் ஒரு துண்டைக்கூடத் தியேட்டர்காரர்கள் கழிக்கக் கூடாது. தாண்டிப் போட்டால் மெஷினில் அது பதிவாகும், அந்தப் பதிவு கம்பெனிக்குப் போகும். இதைச் சுகுமாரனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வழி சொன்னார். புரொஜக்டரில் வெளிச்சத்தை அடைக்கிற தகடு ஒன்று உண்டு. அதற்கு டவுசர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்து எங்கள் தியேட்டரில் எத்தனையோ கேலி.

"டவுசர் போட்டா போதும் சேச்சி. ஒன்னர மினிட்டு படம் காணாது. ஞான் பாத்துக்கறேன்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. போடுங்கள் என்றேன். சத்தத்தைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவர் நான் சொன்னதைச் செய்தார். தவறு என்னுடையது.

வியாழக்கிழமை ஐம்பத்து இரண்டாவது நிமிடத்தில் திரை அணைந்தது. ஆனால் படம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. கும்மிருட்டில், தியேட்டரின் நாலு பக்க ஸ்பீக்கரிலும் யானை பிளிறியது. தபால்காரர் கத்தினார். சைக்கிள் நொறுங்கியது. பார்த்திருந்தால் பனியும் நிழலும்தான். பார்க்காததால் அறுபது பிள்ளைகளும் அவரவருக்குத் தெரிந்த யானையைப் பார்த்தார்கள். அலறல் கிளம்பியது. சீட்டு மேல் ஏறினார்கள். டீச்சர் லைட்டைப் போடச் சொல்லிக் கத்தினார். நான் இன்டர்காமில் சுகுமாரனிடம் நிறுத்தச் சொன்னேன். லைட் எரிந்தது. படம் நின்றது. பனி விலகுவதற்கு இன்னும் இருபது நொடி இருந்திருக்கும்.

பிள்ளைகளை எண்ணினோம். ஐம்பத்தொன்பது பேர். ஏழாவது வரிசையில் சீட்டுக்கு அடியில் ஜெனிபர் இருந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முழங்காலில் முகத்தை வைத்திருந்தாள். அழவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பாப்பா, வெளிய வாம்மா. படம் நின்னுருச்சு."

நான் சொன்னது மூன்றாவது தடவைதான் அவள் காதில் விழுந்தது. தலையைத் தூக்கினாள்.

"அந்தத் தபால்காரரு செத்துட்டாரா?"

"இல்லம்மா. கையில மட்டும் அடி. நல்லா இருக்காரு."

"பொய்."

"நெசமாத்தாம்மா. நான் முந்தியே பாத்தேன்."

"சாகலன்னா ஏன் மறைச்சீங்க?" என்றாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "எங்கப்பாவையும் மறைச்சுத்தான் வச்சிருந்தாங்க" என்றாள்.

டீச்சர் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். மீதிப் படத்தைப் பார்க்கிற மனநிலை யாருக்கும் இல்லை. பஸ் போய்விட்டது. சுகுமாரன் புரொஜக்டர் கேபினிலிருந்து இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

4. ஸ்டோர் வாசல்

ஓனருக்கு மாலையே செய்தி போய்விட்டது. புகார் வருமா என்பதுதான் அவர் கவலை. வரட்டும் சார், நியாயம்தான் என்றேன்.

மறுநாள் நான் ஜெனிபரின் அம்மாவைத் தேடிப் போனேன். ரோஸ்லின் என்று பெயர். கணவர் இறந்த பிறகு எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, குமுளியிலேயே ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டவுசர் போடச் சொன்னது நான்தான் என்பதையும், ஜெனிபர் கேட்டதையும் சொன்னேன்.

அவள் சேலைத் தலைப்பால் விரலில் ஒட்டியிருந்த ஏலத் தோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அடக்கத்தன்னைக்கு அவங்கப்பா பெட்டியத் தொறக்க வேண்டாம்னு நாந்தாங்க்கா சொன்னேன். நான் பாத்துட்டேன். அவ பாக்க வேண்டாம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒரு வருசமா அவ ஒரு வார்த்த கேக்கல. கேக்கலன்னதும் மறந்துட்டான்னு இருந்தேன்."

எனக்கும் ஒரு மகள் உண்டு. அவளிடம் நான் எதையெல்லாம் கேட்காதே என்று முகத்தாலேயே சொல்லியிருக்கிறேன் என்று அந்த வாசலில் நின்று யோசித்தேன்.

ரோஸ்லின் என்னைப் படத்தின் கதையை முழுதாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். உள்ளே காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்களும் கையை நிறுத்திக் கேட்டார்கள். பனி விலகி, தபால்காரர் கட்டோடு உட்கார்ந்திருக்கிற இடம் வந்ததும் ஒரு வயதான அம்மா, "அப்பாடா" என்றார். ரோஸ்லின் மட்டும் எதையோ கணக்குப் போடுவது போல நின்றாள்.

"அவளக் கூட்டிட்டு வந்தா அத முழுசாப் போட்டுக் காட்டுவீங்களாக்கா? மறைக்காம?"

அவள் பயந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நான் பக்கத்தில் இருப்பேன் என்றாள். அவளே போதும் என்று சொன்னால் நிறுத்திவிடலாம், இப்போது அவள் மனதில் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த யாராலும் முடியவில்லையே என்றாள். அதற்குமேல் நான் மறுக்கவில்லை.

ஆனால் வியாழக்கிழமையோடு படத்தின் கீ முடிந்துவிட்டது. பைல் மெஷினில் இருக்கிறது, திறக்காது. கொச்சியில் இருக்கிற விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் இளைஞர். ஓடி முடிந்த படத்துக்கு இரண்டு பேருக்காக ஒரு ஷோவா என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். எங்கள் தவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டு, ஒரு மெயில் போடுங்கள் என்றார். அடுத்த வாரம் கீ வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. மெயிலின் கீழே ஒரு வரி இருந்தது: முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.

5. சனிக்கிழமை காலை

லைட்டைக் கால்வாசி எரியவிட்டோம். சத்தத்தை வழக்கத்தில் பாதியாக வைத்தோம். ஜெனிபர் நீலச் சட்டை போட்டு, தலை பின்னி, மாதா கோயிலுக்கு வருகிறவள் போல வந்திருந்தாள். எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று அவளையே கேட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் ஓரச் சீட்டைக் காட்டினாள். ரோஸ்லின் அவளுக்கு அடுத்து உட்கார்ந்தாள். நான் இரண்டு வரிசை பின்னால்.

முதல் ஐம்பது நிமிடம் அவள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் பார்த்தாள். குட்டி யானை சேற்றில் வழுக்கியபோது சிரித்தாள். பனி சூழ ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்னால் மேலே இருக்கும் கேபின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"மறைக்க மாட்டாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் சொல்வதற்குள் சுகுமாரன் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையையும் அதில் பதித்துக் காட்டினார். மெஷினிலிருந்து கை தள்ளி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும் என்பதற்காக. அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

கொம்பன் வந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை. நிழல் பெரிதானது. திரை வெள்ளையானது. சக்கரம் உருண்டு வந்து விழுந்தது. அதற்குப் பிறகு வருகிற அந்தச் சத்தமில்லாத இடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் அதை ஆறு தடவையாவது பார்த்திருப்பேன்.

பனி விலகியது.

"கட்டுப் போட்டிருக்கு" என்றாள் ஜெனிபர். "கையில மட்டுந்தான்."

"ஆமாம்மா" என்றாள் ரோஸ்லின்.

திரையில் கொம்பன் தபால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. ஜெனிபர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்கு எங்க அடி பட்டுச்சு?"

ரோஸ்லின் மகள் பக்கம் குனிந்து பேசத் தொடங்கினாள். நான் எழுந்து கடைசி வரிசைக்குப் போய், பின்கதவருகில் நின்றுகொண்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பிறகும் கேட்டதில்லை. படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. குட்டி தாயிடம் சேர்ந்ததை அன்று பார்த்தது நானும் சுகுமாரனும் மட்டும்தான். ஜெனிபர் அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

லைட் போட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பசிக்கிறது என்றாள். இருவரும் பரோட்டா சாப்பிடப் போனார்கள். நான் கொச்சிக்கு மெயில் போட்டேன். படம் முழுக்க ஓடியது, நன்றி என்று மட்டும் எழுதினேன்.

அந்த ஒரு காலையில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு பல நாள் ஜெனிபர் அழுதாள் என்று ரோஸ்லின் சொன்னாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாளாம். கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாளாம். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். ரோஸ்லின், "நல்லதுதாங்க்கா. இப்ப வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறோம்" என்றாள்.

6. நோட்டில் சேர்த்த கட்டம்

அதன் பிறகு என் நோட்டில் இன்னொரு கட்டம் போட்டேன். 'எங்கே தீர்கிறது' என்று அதற்குப் பெயர். பழைய குறிப்புகளையெல்லாம் எடுத்துவைத்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. நல்ல படம் எடுக்கிறவர்கள் குழந்தைகளுக்கு ஆகாததைச் சும்மா மறைப்பதில்லை. ரத்தம் இருக்க வேண்டிய இடத்தில் பனியை வைக்கிறார்கள், பனியை விலக்குகிற நேரத்தையும் அவர்களே கணக்காக வைத்திருக்கிறார்கள். பயத்துக்குள் கூட்டிப்போகிற கை, திரும்பக் கூட்டிவருவதற்கும் இருக்கிறது. நான் டவுசரைப் போட்டபோது பயத்தை மறைக்கவில்லை. அந்தக் கையைத்தான் எடுத்துவிட்டேன். எல்லாப் படமும் அப்படி அக்கறையாக எடுக்கப்படுவதில்லை. பயமுறுத்திவிட்டு அப்படியே விட்டுப்போகிற படங்களும் உண்டு. அவற்றுக்குப் பள்ளிக்கூட ஷோ கிடையாது என்று சொல்லிவிட்டேன், சர்டிபிகேட் என்னவாக இருந்தாலும் சரி.

இன்னொரு பழக்கமும் வந்தது. பிள்ளைகள் ஷோ என்றால் படம் போடும் முன் நான் திரைக்கு முன்னால் போய் நிற்பேன். பயப்படுகிற இடம் எங்கே வருகிறது, அது எப்படி முடியும் என்று இரண்டு வார்த்தை சொல்வேன். கதையைச் சொல்லிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று ஓனர் கேட்டார். பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்கிற குணம் உண்டு என்பதை அவர் மறந்துவிட்டார். சில பெரிய பையன்கள் மட்டும், "சொல்லாதீங்க, சொல்லாதீங்க" என்று காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்காக மெதுவாகச் சொல்வேன்.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளுக்கு எது ஆகாது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் தியேட்டருக்கு எந்தப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சர்டிபிகேட் கொடுக்கிறவர்களுக்கு உங்கள் ஊர்ப் பனி தெரியாது. ஆகாது என்று பட்டால் அந்தப் படத்தைப் போடாதீர்கள். போடுவதென்றால் முழுசாகப் போடுங்கள், முன்னாலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். பாதியை இருட்டாக்கிவிட்டு நல்லது செய்ததாக நினைக்காதீர்கள்.

ஓய்வு பெறுகிற மாதத்தில் ஜெபராணி டீச்சர் மறுபடியும் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார். ஆமைக் கூட்டம் ஒன்று கடல் தாண்டிப் போகிற படம். ஜெனிபர் அப்போது ஐந்தாம் வகுப்பு. நான் திரைக்கு முன்னால் நின்று, நடுவில் புயல் வரும், சத்தம் அதிகமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"படத்துல யாராவது சாவாங்களா?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர் சாவாரு. வயசான ஆமை."

"அதக் காட்டுவாங்களா?"

"காட்டுவாங்க. மத்த ஆமையெல்லாம் கூடவே இருக்கும்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். நான் மேலே பார்த்துச் சுகுமாரனுக்குக் கை காட்டினேன்.